முதலில் பூனைகள், பிறகு செல்லி

கேள்வி: ஜெலுத்தோங்கில் வரிசை வீடு. எங்கள் பெட்டை நாய் செல்லிக்கு ஒன்பது மாதம், கலப்பினம், 14 கிலோ. அண்மையில் முதல் தடவையாக இரத்தம் கசிந்தது. தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது, நின்று இரண்டு வாரம். நடுவில், பன்னிரண்டாம் நாள் வாக்கில், கேட்டைத் திறந்தபோது ஓடிவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பினாள். வீட்டில் ஐந்து மாதப் பூனைக்குட்டிகளும் இரண்டு இருக்கின்றன, ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் தங்கை. கெம்பிரி (கருத்தடை அறுவை) செய்துவிடலாம் என்றால், "ஒரு தடவையாவது குட்டி போடட்டும், இல்லாவிட்டால் பாவம்" என்கிறார் மாமியார். "ஆண் பூனைக்கு எதற்குச் செலவு?" என்கிறார் கணவர். ஊசி போட்டாலே போதும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். எனக்கோ மயக்க மருந்தை நினைத்தாலே பயம். கோலாலம்பூரில் தம்பி ஐந்து மாத ஆண் கோல்டன் ரிட்ரீவர் வளர்க்கிறான், அவனுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.
– வாசகி, பினாங்கு

பதில்:

பூனைகள் இரண்டுக்கும் இந்த வாரமே நாள் வாங்குங்கள். செல்லிக்கு இப்போது அறுவை வேண்டாம். ஆனால் அடுத்த வாரம் ஒரு ஸ்கேன் கட்டாயம். தம்பியின் நாய் இன்னும் ஏழெட்டு மாதம் பொறுக்கட்டும். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

பூனைகளுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? அண்ணன் தங்கை என்பது நாம் வைத்த முறை, பூனைக்கு அது தெரியாது. பெண் குட்டி ஐந்தாறு மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும், சில நான்கு மாதத்திலேயே. ஆணும் ஏறக்குறைய அதே வயதில் தயாராகிவிடும். குளிர் நாடுகளில் பகல் நீளும் மாதங்களில்தான் பூனைகள் பருவத்துக்கு வரும். நமக்கோ ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம், அதனால் பூனைக்கு ஓய்வு மாதம் என்று ஒன்று கிடையாது. நாயைப் போல இரத்தமும் வராது. தரையில் புரளும், பின்பக்கத்தைத் தூக்கும், இரவெல்லாம் கத்தும். வயிற்றுவலி என்று நினைத்து கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர். இணை சேராவிட்டால் ஒரு வாரத்தில் அடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தொடங்கும். இணை சேர்ந்தால் அந்தச் சேர்க்கையே கருமுட்டையை வெளியேற்றிவிடும். அதனால் குறி தப்புவது அரிது. 63 முதல் 65 நாளில் குட்டி. குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினையாகலாம். ஆண்டுக்கு மூன்று ஈற்று, ஈற்றுக்கு நான்கு என்று வைத்துக்கொண்டு, கோயில் வாசலிலும் பாசார் ஓரத்திலும் கிடக்கும் அட்டைப்பெட்டிகளை நினைத்துப் பாருங்கள்.

மார்பகக் கட்டிக் கணக்கும் பெண் குட்டிக்கு உண்டு. பூனைக்கு வரும் மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய்தான். ஆறு மாதத்துக்குள் கெம்பிரி செய்த பூனைகளுக்கு அந்த ஆபத்து 91 விழுக்காடும், ஒரு வயதுக்குள் செய்தவற்றுக்கு 86 விழுக்காடும் குறைந்ததாக 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. இரண்டு வயது தாண்டினால் அந்தப் பலன் இல்லை. உங்கள் குட்டிக்கு ஐந்து மாதம், சரியான நேரத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள்.

கணவரின் கேள்விக்கு வருகிறேன். கடுவன் பூனைக்குச் செலவு குறைவு, வேலையும் குறைவு. விரைப்பையில் இரண்டு சிறு கீறல், பத்து நிமிடம், பெரும்பாலும் தையலே இல்லை. செய்யாமல் விட்டால் எட்டு ஒன்பது மாதத்தில் சுவரிலும் நாற்காலிக் காலிலும் சிறுநீரைப் பீய்ச்சத் தொடங்கும். அந்த வாடை துடைத்தாலும் போகாது. இரவில் சுற்றும், சண்டை போடும். கடிபட்ட இடத்தில் சீழ்க்கட்டி வைக்கும். பூனைகளின் எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் எஃப்ஐவி வைரஸ் முக்கியமாக அந்தக் கடி வழியாகத்தான் பரவுகிறது. பீய்ச்சும் பழக்கம் வந்தபிறகு அறுத்தாலும் பத்தில் ஒன்பது நிறுத்திவிடும். அந்தப் பத்தாவது உங்கள் வீட்டில் இருக்க வேண்டாம் என்றால் பழக்கம் தொடங்குமுன் செய்துவிடுங்கள். கெம்பிரி செய்த ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைக்கும் என்பார்கள். அறுவையால் குழாய் சுருங்குவதில்லை. உடல் பருமனும், தண்ணீர் போதாமையும், உலர் தீவனம் மட்டுமே தின்பதும்தான் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் எந்த ஆண் பூனையாவது மணல் தட்டில் முக்கிக்கொண்டு சிறுநீர் வராமல் உட்கார்ந்திருந்தால் அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும், மறுநாள் வரை தாங்காது.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஊசியை மறந்துவிடுங்கள். கருத்தடை ஊசியோ, மனிதருக்கான கருத்தடை மாத்திரையோ, இரண்டிலும் இருப்பது புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன்தான். ஒரே ஊசியில் பூனையின் முலைகள் அத்தனையும் எலுமிச்சம்பழம் போல வீங்கிப் புண்ணாகலாம். நீரிழிவு வரலாம், கருப்பையில் சீழ் பிடிக்கலாம். ஏற்கனவே சினையாக இருப்பதற்குப் போட்டுவிட்டால் நாள் ஆகியும் பிரசவம் தொடங்காமல் குட்டிகள் உள்ளேயே இறந்துபோகும். செல்லி இப்போது எந்த நிலையில் இருக்கிறாள் என்று தெரியாதபோது அந்த ஊசிக்கு அருகில்கூடப் போகாதீர்கள்.

செல்லியின் விஷயத்துக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

மார்கழி மாதத்து நாய் என்று தமிழில் ஒரு பழிச்சொல் உண்டு. இங்கே அந்த மாதக் கணக்கு உதவாது; ஒவ்வொரு நாய்க்கும் அதனதன் கணக்குதான், சராசரியாக ஆறேழு மாதத்துக்கு ஒரு தடவை. கசிவு தொடங்கி முதல் எட்டொன்பது நாள் ஆண் நாய்களை அண்டவிடாது. அதன்பிறகு கசிவு வெளிறி, வாலை ஒதுக்கும் நாட்கள் வரும். கரு தங்குவது பெரும்பாலும் அப்போதுதான். பன்னிரண்டாம் நாள் என்பது அதன் நட்டநடு. ஒரு மணி நேரம் தாராளமாகப் போதும்.

ஆகவே ஸ்கேன். இணை சேர்ந்த 25ஆம் நாளுக்குப் பிறகு அல்ட்ராசவுண்டில் கருக்களும் அவற்றின் இதயத்துடிப்பும் தெரியும். உங்கள் கணக்குப்படி இன்று 23, 24 நாள் ஆகிறது, அதனால்தான் அடுத்த வாரம் என்றேன். இன்றைக்கே பார்த்து "ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிட்டால் அந்தப் பதிலை நம்ப முடியாது.

சினை என்றால் இரண்டு வழி. ஒன்று, இந்த ஆரம்பக் கட்டத்திலேயே கருப்பையோடு எடுத்துவிடுவது. செய்யக்கூடியதுதான். இரத்தக் குழாய்கள் தடித்திருப்பதால் வேலை கூடும், செலவும் கூடும். நாள் தள்ளத் தள்ள இரண்டும் ஏறும். மனம் ஒப்பவில்லை என்றால் ஈன விடுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் ஐந்தாறு குட்டிகள் என்று கணக்கு வைத்து, யார் யார் எடுத்துக்கொள்வார்கள் என்று பிறக்குமுன்பே பெயர் கேட்டு எழுதுங்கள். ஆண் குட்டிக்கு ஆள் வரும், பெட்டைக் குட்டியைக் கேட்க யாரும் வரமாட்டார்கள். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியபோது நம் ஊரில் தெரு நாய்கள் பிடித்துக் கொல்லப்பட்டன. பெரும்பாலான தெரு நாய்களின் கதை ஏதோ ஒரு வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது. ஈன்ற பிறகு குட்டிகள் பால் மறந்து, மடி வற்றி இரண்டு மூன்று வாரம் ஆனதும் செல்லிக்குக் கெம்பிரி செய்யலாம்.

சினை இல்லை என்றால், கசிவு நின்றதிலிருந்து 10 முதல் 12 வாரம் கழித்து. அதாவது இன்றிலிருந்து ஏறக்குறைய 8 முதல் 10 வாரம். பருவம் முடிந்த கையோடு அறுத்தால் திசுக்களில் இரத்த ஓட்டம் கூடுதல், கசிவும் கூடுதல். இன்னொரு சிக்கலும் உண்டு. பெட்டை நாய்க்கு இணை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் இரண்டு மாதம் புரோஜெஸ்டிரோன் ஓடும். அது இறங்கும்போது பொய்ச்சினை வரும்: முலையில் பால் கட்டும், பொம்மையையோ செருப்பையோ குட்டி போல அணைத்துக்கொண்டு படுக்கும், கிட்டே போனால் உறுமும். அந்த நேரத்தில் சூலகத்தை எடுத்தால் பால் வற்றாமல் மாதக்கணக்கில் இழுத்துவிடும். பால் சுரந்தால் பிழிந்துவிடாதீர்கள், பிழியப் பிழியச் சுரக்கும். தானாக வற்றட்டும். ரொம்பவும் தள்ளிப்போடவும் கூடாது; இன்னும் ஐந்தாறு மாதத்தில் அடுத்த கசிவு வந்துவிடும்.

காத்திருக்கும் இந்த வாரங்களில் கவனிக்க வேண்டியது ஒன்று. கருப்பைச் சீழ் வழக்கமாகப் பருவம் முடிந்த நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் வரும். புரோஜெஸ்டிரோன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைத்து வாயையும் மூடிவிடுகிறது. பருவத்தின்போது மேலே ஏறிய கிருமிகள் உள்ளே மாட்டிக்கொண்டு பெருகுகின்றன. நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பும், வாந்தி எடுக்கும். பின்பக்கம் சீழ் வடிந்தால் நல்லவேளை, கண்ணுக்குத் தெரிகிறது. வாய் மூடியிருந்தால் வடியாது. வயிறு உப்பும், நஞ்சு இரத்தத்தில் ஏறும். அப்போது செய்வதும் இதே அறுவைதான், ஆனால் நோயில் விழுந்த உடம்பில், இராத்திரியில், பல மடங்கு செலவில். ஒன்பது மாத நாய்க்கு இது அரிது. வயது ஏற ஏறக் கூடும். ஸ்வீடன் நாட்டு நாய்க் காப்பீட்டுப் பதிவுகளின்படி, கெம்பிரி செய்யாத பெட்டை நாய்களில் பத்து வயதுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இந்நோய் வந்திருக்கிறது.

மாமியாரிடம் சொல்ல வேண்டியது இதுதான். ஒரு ஈற்று போட்டால் உடம்புக்கு நல்லது என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை. நாய்க்குத் தாய்மை ஏக்கம் என்று ஒன்று இருப்பதாகவும் தெரியவில்லை. பருவம் வந்தால் ஹார்மோன் இழுக்கும், வராவிட்டால் நினைக்காது. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு விலை மட்டும் உண்டு. 1969இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு, மார்பகக் கட்டி ஆபத்து முதல் பருவத்துக்கு முன் கெம்பிரி செய்த நாய்களுக்கு 0.5 விழுக்காடு, ஒரு பருவத்துக்குப் பிறகு 8, இரண்டுக்குப் பிறகு 26 என்றது. இந்த எண்களை எல்லோரும் தப்பாகவே படிக்கிறார்கள். நூறு நாயில் எட்டுக்குக் கட்டி வரும் என்று பொருளல்ல. கெம்பிரி செய்யாத நாயின் ஆபத்தை 100 என்று வைத்தால் இவற்றின் ஆபத்து 8. 2012இல் பழைய ஆய்வுகளையெல்லாம் திரும்ப அலசியவர்கள், ஆதாரம் நினைத்த அளவுக்கு வலுவாக இல்லை என்றும் எழுதினார்கள். என்னைக் கேட்டால், நாய்க்குக் கெம்பிரி செய்ய இந்த எண்களை நம்ப வேண்டியதில்லை. கருப்பைச் சீழ் ஒன்றே போதுமான காரணம்.

பாதகமும் உண்டு. சில பெட்டை நாய்களுக்குப் பின்னாளில் தூக்கத்தில் சிறுநீர் கசியும், பெரிய இனங்களில் அதிகம். மாத்திரையில் பெரும்பாலும் கட்டுப்படும். 14 கிலோ செல்லிக்கு அந்தக் கவலை சிறியது.

அந்த ஒரு மணி நேரத்தின் இன்னொரு வினையையும் சொல்லிவிடுகிறேன். தெரு நாய்களிடையே இணைசேர்க்கையில் தொற்றும் புற்றுக்கட்டி ஒன்று உண்டு. சில வாரமோ மாதமோ கழித்துப் பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போலச் சதை வளரும், இரத்தம் சொட்டும். "மறுபடி பருவத்துக்கு வந்துவிட்டாள்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் செல்லிக்கு இரத்தம் வந்தால் காட்டிவிடுங்கள். வின்கிறிஸ்டின் ஊசி வாரம் ஒன்றாக நான்கு முதல் ஆறு போட்டால் பெரும்பாலும் முழுதாகக் கரைந்துவிடும்.

இனி மயக்க மருந்து. பயம் நியாயமானது, அளவு தெரிந்தால் குறையும். இங்கிலாந்தில் 2002 முதல் 2004 வரை நடந்த பெரிய கணக்கெடுப்பில், ஆரோக்கியமான நாய்களில் மயக்க மருந்து தொடர்பான இறப்பு ஏறக்குறைய 2,000க்கு ஒன்று, பூனைகளில் 900க்கு ஒன்று. அந்த இறப்புகளில் பெரும் பங்கு மேசையில் நடக்கவில்லை. அறுவை முடிந்த பிறகு, அதிலும் முதல் மூன்று மணி நேரத்தில் நடந்தவை. அதனால் கிளினிக்கில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "முடிந்தபிறகு கண் விழிக்கும் வரை யார் பக்கத்தில் இருப்பார்கள்?" அடுத்தது, சொல்லும் விலையில் வலி ஊசி, கழுத்துக் கூம்பு, தையல் பிரிப்பது எல்லாம் அடங்குமா என்பது. உங்கள் ஜெலுத்தோங்கிலேயே எஸ்பிசிஏ என்ற விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் இருக்கிறது, குறைந்த கட்டணத்துக்கு அங்கே முதலில் விசாரித்துப் பாருங்கள்.

நம் ஊர் நாய்க்கு மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை: உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு நன்றாகச் சாப்பிடும், ஆனால் இரத்தத்தில் தட்டணுக்கள் விழுந்திருக்கும். சாதாரணமாக இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது ஐம்பதாயிரத்தில் நிற்கும். அப்படி ஒரு நாயை அறுத்தால் இரத்தம் உறையாது. செல்லிக்கு அறுவைக்கு முன் இரத்தப் பரிசோதனைக்கு ஆகும் பணத்தை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். குறைவாக இருந்தால் டாக்சிசைக்ளின் நான்கு வாரம் கொடுத்து, எண்ணிக்கை ஏறியபிறகு செய்வார்கள். உண்ணி மருந்தை இன்றே தொடங்குங்கள்.

அறுவைக்கு முந்தின இரவு ஒன்பது, பத்து மணிக்குச் செல்லியின் சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் காலை வரை இருக்கட்டும். பூனைக்குட்டிகளை அப்படி இரவெல்லாம் பட்டினி போடக் கூடாது. சிறு உடம்பில் சர்க்கரை இறங்கிவிடும். நான்கு மணி நேரப் பட்டினி வழக்கமாகப் போதும், கிளினிக் சொல்லும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனிக் கூடையில் கொண்டுபோங்கள். கையில் பிடித்துக்கொண்டு வந்த பூனை கார் நிறுத்துமிடத்தில் கீறிவிட்டு ஓடினால் திரும்பக் கிடைக்காது.

வீட்டுக்கு வந்த இரவு தள்ளாடும், தூங்கும். வழக்கமான சாப்பாட்டில் கால் பங்கு கொடுங்கள். பூனைகள் ஒன்றை ஒன்று முகர்ந்து சீறினால் பயப்பட வேண்டாம், கிளினிக் வாடை. ஒரு நாள் தனித்தனி அறையில் விட்டால் சரியாகிவிடும். கூம்பைப் பாவம் பார்த்துக் கழற்றுவதுதான் தையல் பிரிவதற்கு முதல் காரணம்; நாக்கு ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிடும். 10 முதல் 14 நாள் கழற்றவே கூடாது, குளிப்பாட்டவும் கூடாது. காயத்தில் மஞ்சள், தேங்காய் எண்ணெய், மருந்தெண்ணெய் எதுவும் வேண்டாம். மஞ்சள் நல்லதுதான், குழம்பில். செல்லியை வெளியே கட்டாமல் மின்விசிறிக்குக் கீழே படுக்க வையுங்கள். நம் ஊர் ஈ ஒரே நாளில் காயத்தில் முட்டையிட்டுப் புழு வைத்துவிடும்.

வலிக்கிறதே என்று பனடோல் (பாராசிட்டமால்) கொடுத்துவிடாதீர்கள். மூன்று கிலோ பூனைக்கு அரை மாத்திரையே உயிரைக் குடிக்கும்: ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். டாக்டர் எழுதிக் கொடுத்தது மட்டும்தான்.

காலையும் மாலையும் காயத்தைப் பாருங்கள். ஓரம் லேசாகச் சிவந்திருப்பது இயல்பு. இரத்தம் தொடர்ந்து சொட்டினால், சீழ் வாடை அடித்தால், ஈறு வெளுத்தால், ஒரு நாள் முழுக்கச் சிறுநீரே போகாவிட்டால், 24 மணி நேரம் தாண்டியும் பூனை சாப்பிடாவிட்டால் உடனே போங்கள். காயத்தின் கீழே கட்டி தெரிந்து, மெல்ல அழுத்தினால் உள்ளே போய் வந்தால், உள் தையல் விட்டிருக்கிறது என்று பொருள். அதுவும் அன்றைய வேலை.

குண்டாகிவிடும் என்ற பேச்சு பாதி உண்மை. கெம்பிரிக்குப் பிறகு உடம்புக்கு வேண்டிய சக்தி ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறையும், பசியோ ஏறும். கிண்ணத்தை நிரப்பி வைத்துவிட்டுப் போகிற வழக்கம்தான் குண்டாக்குகிறது. வளர்ந்த 4 கிலோ பூனைக்கு உலர் தீவனம் மட்டும் என்றால் நாளுக்கு 50 கிராம் வாக்கில் போதும். அளந்து போடுங்கள், மாதம் ஒரு தடவை எடை பாருங்கள். செல்லிக்குச் சோறும் மீதக் கறியும் போடுகிற வீடு என்றால் சோற்றைக் குறையுங்கள், கறியை அல்ல. எலும்பும் வெங்காயமும் அதில் இருக்கக் கூடாது. காவல் குணம் போய்விடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள், அது ஹார்மோனில் இல்லை.

தம்பியின் கோல்டன் ரிட்ரீவர் விஷயம் வேறு. அந்த இனத்தில் ஒரு வயதுக்குள் கெம்பிரி செய்தவற்றுக்கு இடுப்பு, முழங்கால் மூட்டுக் கோளாறுகள் கூடியதைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எலும்பு வளர்ந்து முடிய விரை சுரக்கும் ஹார்மோன்கள் வேண்டும். 12 மாதமாவது பொறுக்கட்டும். ஊர் சுற்றுவது, காலைத் தூக்கி அடையாளம் வைப்பது, மேலே ஏறுவது இவை குறையும். வயதான பிறகு வரும் புராஸ்டேட் வீக்கமும் தவிரும். பயத்தால் கடிக்கிற நாயாக இருந்தால் கெம்பிரி அதைத் தீர்க்காது, சிலவற்றில் கூட்டிவிடவும் செய்யும். அதற்குப் பயிற்சிதான். தம்பியை இன்றே விரைகள் இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்று தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் தாண்டியும் ஒன்றுதான் கைக்குத் தட்டுப்படுகிறது என்றால் மற்றது வயிற்றுக்குள்ளோ தொடை இடுக்கிலோ நிற்கிறது. அது பின்னாளில் புற்றுக்கட்டியாகும் வாய்ப்பு அதிகம். அப்போது கெம்பிரி செய்யலாமா வேண்டாமா என்ற பேச்சுக்கு இடமில்லை, எந்த மாதத்தில் என்பதை மட்டும் அவனுடைய டாக்டரோடு முடிவு செய்யட்டும். அந்த நாயை இனப்பெருக்கத்துக்கும் விடக் கூடாது, அந்தக் குறை குட்டிகளுக்கும் இறங்கும்.